இரண்டாவது கட்டில்

முதலில் கட்டிலைப் போடு, அப்புறம் சுவரைப் போடு. அந்த ஸ்டுடியோவில் சேர்ந்தவர்கள் முதல் வாரமே காதில் கேட்டு, கடைசி வாரம்வரை திட்டு வாங்கிக்கொண்டே இருந்த பாடம் இதுதான். வீடு வரையச் சொன்னால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெரிய சதுரம் போடுவார்கள். பிறகு பிறந்தநாள் கேக்கை வெட்டுகிற மாதிரி அதைத் துண்டு போடுவார்கள். டீச்சர் வந்து எட்டிப் பார்த்து, இதற்குள் யார் படுக்கிறார்கள், தலை எந்தப் பக்கம், தண்ணீர் குடிக்க எழுந்தால் கால் எதில் இடிக்கும் என்று கேட்பாள். மேஜையில் கிடக்கும் ரப்பரை எடுத்து வரைந்தவர் கையிலேயே கொடுத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விடுவாள்.

டீச்சருக்கு மாணவர்கள் வைத்த பெயர் மில்லிமீட்டர். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. கோடு ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போயிருந்தாலும் வாசலிலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். அவளுடைய வகுப்பில் அவளைவிட எட்டு வயது மூத்த மாணவி ஒருத்தி இருந்தாள். வீட்டில் அவள் கடைக்குட்டி என்பதால் சின்னவள். முப்பத்தெட்டு வயதாகி, காதோரம் நரைத்த பிறகும் சின்னவள்தான். சில வீடுகளில் ஒருத்தியைச் சின்னவள் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டால் அப்புறம் அவள் தலைகீழாக நின்றாலும் வளர விடமாட்டார்கள்.

பகலில் அவளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளை ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுக்கவேண்டும். வாங்குகிறவர்கள் எவரும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை, ரிப்போர்ட்டைத்தான் பார்ப்பார்கள். மாலையில் ஸ்டுடியோ. அடிப்படைக் கட்டட வரைகலை, சான்றிதழ் வகுப்பு, யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, யாரையும் கேட்காமல் போய்ச் சேர்ந்திருந்தாள். அவள் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

முதலில் கோடு மட்டும்தான். வெறும் கோடு. டி-ஸ்கொயர் என்கிற டி வடிவ அளவுகோலைப் பலகையோடு ஒட்டிப் பிடித்து, பென்சிலை விரல்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டே இழுக்கவேண்டும். உருட்டாவிட்டால் முனை ஒருபக்கமாகத் தேய்ந்து, மெல்லிசாகத் தொடங்கின கோடு தடியாகப் போய் முடியும். அதற்கப்புறம் பிளான். வீட்டை இடுப்பு உயரத்தில் கத்தியால் குறுக்கே அறுத்து, மேல்பாதியைத் தூக்கி வைத்துவிட்டு, மேலிருந்து குனிந்து பார்த்தால் என்ன தெரியுமோ அது. கத்தி பட்டதெல்லாம் தடித்த கோடு. அதாவது சுவர், தூண். கத்தி படாமல் கீழே கிடப்பதெல்லாம் மெல்லிய கோடு. மேஜை, நாற்காலி, கட்டில். நாளைக்கே நகர்த்திவிடலாம் என்பதற்கெல்லாம் மெல்லிய கோடு போதும் என்பாள் மில்லிமீட்டர்.

சின்னவளுக்கு இது பித்துப் பிடித்தாற்போலப் பிடித்துப்போனது. பஸ்ஸில் போகும்போது கட்டடங்களை மனதுக்குள் அறுத்துப் பார்த்துக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் ஏன் எல்லோருக்கும் மூச்சு வாங்குகிறது என்று ஸ்கேலை வைத்து அளந்து கண்டுபிடித்து, அதைச் சொல்ல ஆள் கிடைக்காமல் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். வீட்டில் டேப்பும் கையுமாக அலைந்தாள். தூங்கும்போது என்னையும் அளந்து வைத்திருப்பாள் என்று அண்ணி கேலி செய்தாள்.

அந்த வீடு வாடகை வீடு. அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஒரு அறை. அம்மாவுக்கு ஒரு சின்ன அறை. அதில் பாதியைப் பெட்டிகளும் பழைய பீரோவும் பிடித்துக்கொண்டதால் ஒரு கட்டிலுக்குமேல் இடமில்லை. சின்னவளுக்குக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவிலிருந்த நடைபாதையில் பாய். அது அறையல்ல, ஆள் போகிற வழி. தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள், அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் அவளைத் தாண்டித்தான் போவார்கள். பதினைந்து வருஷமாகத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். வரன் பார்த்தார்கள், அமையவில்லை. பிறகு பார்ப்பதையும் விட்டார்கள். எப்படியும் கல்யாணமாகிப் போகிறவள்தானே என்று விரித்த பாய், கல்யாணம் என்ற பேச்சே நின்றுபோன பிறகும் அங்கேயே கிடந்தது. படுத்ததும் உள்ளேயிருந்து அம்மா, "தூங்கிட்டியா?" என்று கேட்பாள். "இல்லம்மா" என்பாள் இவள். தினமும் இவ்வளவுதான் பேச்சு.

அப்பா வாங்கிப் போட்டுவிட்டுப் போன மனை ஒன்று சும்மா கிடந்தது. சாலை ஓரத்தைக் கோணலாக வெட்டிக்கொண்டு போவதால் ஒரு பக்கம் சாய்வான மனை. அதில் வீடு கட்டலாம் என்று அண்ணன் ஒருநாள் ஆரம்பித்தான். வெளியில் யாரிடமோ ஏன் போகவேண்டும், நம் வீட்டிலேயே ஆள் இருக்கிறதே, சின்னவளே வரையட்டும் என்றான். அன்றைக்கு அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. அதே சமயம் ஸ்டுடியோவிலும் கடைசிப் பயிற்சி தொடங்கியது: தெரிந்தவர் ஒருவருக்கு ஒரு வீடு. முதலில் அவரோடு உட்கார்ந்து பேசவேண்டும். எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்ன செய்கிறார், எதற்குப் பயப்படுகிறார், என்ன வேண்டும் என்று கேட்டு எழுதவேண்டும். பிறகு கட்டில், பிறகு சுவர். சின்னவள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டாள். வீடு அந்த வீடு. ஆள், அம்மா.

அம்மாவை உட்காரவைத்துக் கேட்டாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கென்ன, காலை நீட்ட இடம் இருந்தால் போதாதா, எதுவாக இருந்தாலும் சரிதான் என்றாள். அதையே எழுதிக்கொண்டு போய்க் காட்டியபோது மில்லிமீட்டர் உதட்டைப் பிதுக்கினாள்.

"எதுவா இருந்தாலும் சரின்னு சொல்றவங்க பொய் சொல்றாங்க. திரும்பப் போய்க் கேளுங்க."

கேட்டாள். அதே பதில். ஜன்னல் எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டாள். நீ எங்கே வைத்தாலும் காற்று வரும் என்றாள் அம்மா. இன்னொரு முறை கேட்டபோது, அரைத்த மாவையே அரைக்காதே, வேலையைப் பார் என்று விரட்டிவிட்டாள். சின்னவளுக்கு உள்ளூரப் பெருமைதான். ஆசையே இல்லாத அம்மா யாருக்குக் கிடைப்பாள்? ஆசை இருந்தது இவளுக்கு. மனையின் சாய்வான மூலையில் சின்னதாக ஓர் அறை வரைந்தாள். ஒரு கட்டில், வரைபலகை போட ஒரு மேஜை, கிழக்கே ஒரு ஜன்னல், பக்கத்துச் சந்தில் திறக்கிற மாதிரி தனியாக ஒரு கதவு. தாமதமாக வந்தாலும் யாரையும் எழுப்பவேண்டாம், யாரும் தாண்டிப் போகமாட்டார்கள். அந்த அறையின் சுவர்களுக்குத் தடித்த கோடு போட்ட அன்று, பென்சிலை வைத்துவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள். நல்லா இருக்கு என்றார்கள். அம்மா அந்தத் தனிக் கதவின்மேல் விரலை வைத்து, "இது என்ன?" என்று மட்டும் கேட்டாள். சின்னவள் விளக்கினாள். சரி சரி என்று அம்மா எழுந்துபோனாள்.

கட்டித்தர கான்ட்ராக்டரைப் பிடித்துக் கொடுத்தது பக்கத்து மேஜைப் பெண். அவளுக்கு ரப்பர் என்று பெயர். வரைவதைவிட அழிப்பது அதிகம் என்பதால் வந்த பெயர். பகலில் கான்ட்ராக்டர் ஆபீசில் படம் போடுகிற வேலை. அங்கே வேலை நிலைக்கவேண்டுமானால் இந்தச் சான்றிதழ் வேண்டும் என்பதால் வந்து சேர்ந்திருந்தாள். சின்னவளை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவாள். ஒருமுறை அட்டை வெட்டும்போது கட்டர் விரலில் இறங்கிவிட, சின்னவள்தான் கையைத் துணியால் இறுக்கிப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போய்த் தையல் போட வைத்தாள். அதற்கப்புறம் இருவரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிற அளவுக்கு ஒட்டிக்கொண்டார்கள். வீட்டுப் படம் ஆபீசுக்குப் போன அன்று ரப்பர் சொன்னாள்: "ஒரு கோடு மாறாம நான் பாத்துக்கறேன்க்கா. நீங்க நிம்மதியா இருங்க."

சின்னவள் நிம்மதியாக இருந்தாள். நம்முடைய கஷ்டமெல்லாம் நாம் நிம்மதியாக இருக்கிற நேரத்தில்தான் ஏற்பாடாகிறது.

அஸ்திவாரம் தோண்டத் தொடங்கினார்கள். அவளும் போய்ப் பார்க்கவேண்டும் என்றபோது அண்ணன், ஒரே தூசி, இப்போது பார்க்க ஒன்றுமில்லை, சுவர் எழும்பட்டும் என்றான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். அண்ணி என்னவோ சொல்ல வாயெடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். இது அண்ணியின் வேலையாகத்தான் இருக்கும், அறையின் அளவைக் கொஞ்சம் குறைத்திருப்பாள் என்று சின்னவளுக்கு ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. அடி குறைந்தாலும் அறை அறைதானே என்று விட்டுவிட்டாள். ரப்பர் அந்தச் சமயத்தில் கேட்காமலே டீ வாங்கிவந்து கொடுக்க ஆரம்பித்திருந்தாள். பென்சில்களையெல்லாம் சீவி வைத்தாள். கடைசிப் பயிற்சிக்கு நீ யாருக்கு வீடு வரைகிறாய் என்று கேட்டால், தெரிந்த ஒரு அம்மாவுக்கு என்று மழுப்பினாள். படத்தைக் காட்டு என்றால் இன்னும் முடியவில்லை என்று சுருட்டி வைத்துக்கொண்டாள். கேட்காமல் வருகிற டீயைச் சந்தேகப்படவேண்டும் என்று அந்த ஸ்டுடியோவில் பாடம் எதுவும் இல்லை.

ரிவ்யூ நாள் வந்தது. ரிவ்யூ என்றால், மாணவர்கள் தங்கள் படங்களைச் சுவரில் குத்திவிட்டுப் பக்கத்தில் குற்றவாளிபோல நிற்பது. வெளியிலிருந்து ஒரு ஆர்க்கிடெக்ட் வந்திருந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, படத்துக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார். மில்லிமீட்டர் பின்னால் கை கட்டி நின்றாள்.

சின்னவளின் முறை முதலில் வந்தது. மூச்சு விடாமல் விளக்கினாள். கோடெல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று ஆர்க்கிடெக்ட் பாராட்டினார். பிறகு இந்த வீடு யாருக்கு என்று கேட்டார். அம்மாவுக்கு என்றாள். அம்மா எங்கே என்றார். காட்டினாள். ஹாலுக்குப் பின்னால், மேற்கே பார்த்த அறை. நல்ல காற்றும் காலை வெயிலும் வருகிற இந்தச் சாய்வு மூலை யாருக்கு என்று கேட்டார். அது என் அறை என்றாள்.

"அப்போ இது உங்க வீடுங்க. அம்மா இதுல வாடகைக்கு இருக்காங்க."

அறையே சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள். ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லையே என்று ஓர் எண்ணம் அவளுக்குள் முள்ளாகக் குத்தியது உண்மை. வீட்டுக்குப் போனதும் அம்மாவை மறுபடி உட்காரவைத்துக் கேட்கவேண்டும், வேண்டுமானால் ஜன்னலை மாற்றவேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தாள். அவ்வளவு நல்லவளாக இருந்தாள் பாவம்.

அடுத்து ரப்பர். அவள் படத்தில் சாய்வுப் பக்கம் உள்ள ஒரு மனை. சின்னவளுடைய மனை வலது பக்கம் சாய்ந்திருந்தது, இது இடது பக்கம். எங்கேயோ பார்த்த முகம் மாதிரி இருந்தது. ஆனால் யாரென்று பிடிபடவில்லை. ரப்பர் இவள் நின்ற பக்கமே திரும்பாமல் பேச ஆரம்பித்தாள். தெரிந்த ஒரு அம்மாவோடு உட்கார்ந்து ஒரு மதியம் முழுக்கப் பேசினேன், இருட்டில் தனியாகப் படுத்தால் அவர்களுக்கு நெஞ்சு படபடக்கும், விடியற்காலை ஜன்னல் வழியாக வெயில் முகத்தில் பட்டால்தான் இன்னொரு நாள் கிடைத்தது என்று நிம்மதி வரும், அதனால் கிழக்கு ஜன்னல் வைத்தேன் என்றாள். அறையில் இரண்டு கட்டில்கள். நடுவில் ஒரு கை எட்டுகிற தூரம்.

"அந்த அம்மா சொன்னாங்க சார், 'எனக்குன்னு ஒரு மூலை போதும். ஆனா அந்த மூலைல என்னைத் தவிர இன்னொரு மூச்சுச் சத்தம் கேக்கணும்'னு."

ஆர்க்கிடெக்ட் கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டார். இப்படித்தான் கேட்டு வாங்கவேண்டும், இதில் ஒரு மனுஷி தெரிகிறாள் என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். அப்போது மில்லிமீட்டர் குறுக்கிட்டாள். உங்கள் வடக்கு அம்புக்குறிப்படி பார்த்தால் இந்த ஜன்னல் மேற்கே இருக்கிறது, காலை வெயில் எப்படி வரும் என்றாள். ரப்பர் எதையோ சொல்லி மென்று விழுங்கினாள்.

சின்னவளுக்கு அந்த இடத்தில்தான் புரிந்தது. இருபக்கமும் கோடு தெரிகிற டிரேசிங் பேப்பரில் இது எல்லோரும் செய்கிற தப்பு. படத்தை அப்படியே திருப்பிப் போட்டு, பின்பக்கமிருந்து நகலெடுப்பார்கள். இடது வலதாகும், கிழக்கு மேற்காகும். எழுத்தையெல்லாம் நேராக எழுதிவிட்டு அம்புக்குறியைத் திருப்ப மறந்துவிடுவார்கள். ரப்பரின் படத்தை அவள் மனதுக்குள் பிடித்து மறுபக்கம் திருப்பினாள். சாய்வு வலது பக்கம் வந்தது. ஹால், சமையலறை, அண்ணன் அறை எல்லாம் அவள் போட்ட இடத்தில் போய் உட்கார்ந்தன. அவள் போட்ட கோடுகள்தான். அவளுடைய அறையைக் காணோம். தனிக் கதவும் இல்லை, மேஜையும் இல்லை. அந்த இடத்துக்கு அம்மாவின் அறை வந்து நீண்டு கிடந்தது. இருட்டில் நெஞ்சு படபடக்கிற அந்த அம்மா யார் என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. மூச்சுச் சத்தம் என்று அப்படிச் சொல்ல, தினமும் இருட்டில் தூங்கிட்டியா என்று கேட்கிற ஒருத்தியால்தான் முடியும்.

ஆர்க்கிடெக்ட் விடவில்லை. இரண்டாவது கட்டில் யாருக்கு என்று கேட்டார். அவர்கள் பெண்ணுக்கு என்றாள் ரப்பர். பெண்ணுக்குத் தனி அறை இல்லையா என்றார்.

ரப்பர் தரையைப் பார்த்தாள். "தேவையில்லன்னு சொன்னாங்க, சார்."

சுவர்களெல்லாம் தடித்த கோட்டில் இருந்தன. சின்னவள் இருந்தது மெல்லிய கோட்டில். கத்தி படாத பொருள்களில் ஒன்றாக, அலமாரிக்கும் முக்காலிக்கும் நடுவில், இரண்டரைக்கு ஆறேகால் அடியில் கிடந்தாள்.

வராந்தாவில் ரப்பரைப் பிடித்தபோது அவளே அழ ஆரம்பித்துவிட்டாள். ஏமாற்றுகிறவர்கள் முந்திக்கொண்டு அழுதுவிட்டால் ஏமாந்தவர்களுக்கு அழ இடமில்லாமல் போய்விடுகிறது. நடந்தது இதுதான். அம்மா தனியாகப் பஸ் பிடித்து, கான்ட்ராக்டர் ஆபீசைக் கேட்டுக் கேட்டு விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். ரப்பர் முன்னால் உட்கார்ந்து, இந்த அறை வேண்டாம், என் பெண் கட்டிலை என் அறையில் போடு என்றிருக்கிறாள். அக்காவுக்குத் தெரியுமா என்று ரப்பர் கேட்டதற்கு, அவளிடம் சொல்லக்கூடாது என்று கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அண்ணனும் வந்து தலையாட்டினான். முதலாளியும் சரி என்றார். மாட்டேன் என்று சொன்னால் வேலை போய்விடும் என்று பயம்.

அதெல்லாம் சரி, அதையே உன் பயிற்சிப் படமாக ஏன் சுவரில் குத்தினாய் என்று கேட்டாள் சின்னவள்.

ரப்பர் மூக்கை உறிஞ்சினாள். "நேரமில்லக்கா. எனக்கு வேற யாரும் இவ்வளவு பேசல. உங்கம்மா அவ்வளவு பேசினாங்க. எல்லாத்தையும் சொன்னாங்க. கிழக்கு ஜன்னலு, கை எட்டுற தூரம், எல்லாம் அவங்களாவே சொன்னதுதான். உங்ககிட்டயும் சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன்."

இதைத்தான் சின்னவளால் தாங்க முடியவில்லை. அறையை எடுத்ததைக்கூட விட்டுவிடலாம். பென்சிலும் பேப்பருமாக முன்னால் உட்கார்ந்து வாயைப் பிடுங்கினாளே, அப்போதெல்லாம் எதுவாக இருந்தாலும் சரி என்று சிரித்தவள், முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் போய் மனதைத் திறந்து கொட்டியிருக்கிறாள். பெற்ற மகள் நடைபாதையில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்த மூச்சைப் பற்றி, யாரோ ஒருத்தி வந்து பேர் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

சின்னவள் ரப்பரைத் திட்டவில்லை. திட்டினால் கொஞ்சமாவது ஆறியிருக்கும். டி-ஸ்கொயரை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

வீட்டில் அம்மா கூடத்தில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணியும் இருந்தாள். சின்னவளின் முகத்தைப் பார்த்ததும் விஷயம் வெளியே வந்துவிட்டது என்று அண்ணிக்குத் தெரிந்துவிட்டது. நான் அன்றைக்கே சொன்னேன், சின்னவளிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்று, யார் கேட்டீர்கள் என்று பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இத்தனை நாளாக மனதுக்குள் அண்ணியைச் சந்தேகப்பட்டது எவ்வளவு அநியாயம் என்று சின்னவளுக்கு உறைத்தது. ஆனால் அதற்கு வெட்கப்பட அவளிடம் அப்போது தெம்பில்லை.

அம்மா பூசி மெழுகவில்லை. கையில் இருந்த புடவையை மடித்து முடித்து, அடுக்கில் வைத்து, தட்டிவிட்டுத்தான் பேசினாள். ஆமாம், நான்தான் போனேன் என்றாள். பெரியவன்கூட அவளிடம் சொல்லிவிடலாம் என்றான், நான்தான் விடவில்லை, அவன்மேல் கோபப்படாதே என்றாள். சந்துப் பக்கம் கதவு வைத்துக்கொண்டால் நீ எப்போது வருகிறாய், எப்போது போகிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். அம்மாவின் குரலில் குற்றவுணர்ச்சி கொஞ்சமும் இல்லை. நல்ல சாமானை நல்ல விலைக்கு வாங்கிவந்த ஒருத்தியின் குரல்.

"நான் எத்தனை தடவை கேட்டேன்மா? உனக்கு என்ன வேணும், என்ன வேணும்னு. ஒரு தடவையாவது சொன்னியா?"

"உன்கிட்ட சொன்னா நீ வேணாம்னு சொல்லிடுவியே."

அவ்வளவு சுலபமாகச் சொன்னாள். ஆமாம், வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள். அம்மாவுக்குப் பயம் என்று தெரிந்திருந்தால் அடுத்த அறையில் படுத்து, நடுக்கதவைத் திறந்தே வைத்திருப்பாள். கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்திருப்பாள். ஆனால் அது அவள் கொடுப்பதாக இருந்திருக்கும். அம்மாவுக்கு ஒருவர் கொடுத்து வாங்கிக்கொள்வதில் நம்பிக்கையில்லை, தானே எடுத்துக்கொள்வதில்தான். பதினைந்து வருஷம் நடைபாதையில் கிடந்தவளைக் கேட்கவேண்டிய அவசியம் என்ன? பாயை எங்கே விரித்தாலும் படுக்கிறவள்தானே. வீட்டில் ஒவ்வொருவரையும் பற்றி ஒவ்வொரு கணக்கு இருக்கிறது. சின்னவளைப் பற்றி அந்த வீட்டுக்கு இருந்த கணக்கு இதுதான், அதை அவளே அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தாள்.

அழுகை வந்தது. அம்மாவுக்கு முன்னால் வேண்டாம் என்று அடக்கிக்கொண்டாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு, கோபம் தணிந்தது என்று எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னாள்.

"ஜன்னலோரக் கட்டில் உனக்குத்தான்டி. அந்தப் பொண்ணுகிட்ட அதையும் சொல்லித்தான் வெச்சிருக்கேன். நான் இந்தப் பக்கம் படுத்துக்கறேன்."

மனசார விட்டுக்கொடுத்துச் சொன்னாள். முகத்தில் அத்தனை கனிவு. இவ்வளவு பிரியத்தோடு ஒருவர் நம் கழுத்தைப் பிடிக்கும்போது கையைத் தட்டிவிடக்கூட மனசு வருவதில்லை. வேறொரு நாளாக இருந்தால் சின்னவள் அங்கேயே உருகி, சரிம்மா என்று சொல்லி, மிச்சத் துணியை மடிக்க உட்கார்ந்திருப்பாள். அவள் வாய்வரை அந்தச் சரிம்மா வந்தது. சுவர் எழும்பவில்லை, இன்னும் மாற்றலாம், அண்ணனிடம் சண்டை போடலாம் என்றெல்லாம் ஒரு பக்கம் யோசனை ஓடியது. எதற்கு? சண்டை போட்டு அறையை வாங்கினாலும், அவளைக் கேட்காமல் அழித்தவர்கள் நடுவில்தான் அந்த அறை இருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வேலை பார்க்கிற பெண்களுக்கென்று ஒரு விடுதி இருக்கிறது, அங்கே ஒரு அறைக்குச் சொல்லி வைக்கப்போகிறேன், வீடு முடிகிற வரைக்கும் காத்திருக்கப் போவதில்லை என்றாள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அம்மா துண்டை மடிப்பதை நிறுத்தினாள். அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இது வெறும் கோபப் பேச்சா, நிஜமா என்று அளந்து பார்க்கிற பார்வை அது. நிஜம் என்று தெரிந்ததும் முகம் சுண்டிப்போனது.

"அப்போ நீ அந்த வீட்டுக்கு வரவே மாட்டியா?"

"ஏன் வராம? வருவேன்மா," என்றாள் சின்னவள். "காலிங் பெல் அடிச்சிட்டு வருவேன்."